நோக்கியா காலி செய்த ஆலை, கலைஞர்கள் காலி செய்ய மறுத்த ஆலை: பழைய ஆலைகளை யாருக்காகக் காப்பாற்றுவது?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. இன்று முப்பதுகளில் இருக்கும் பலருக்கு அதுதான் முதல் வேலை. கம்பெனி பஸ், ஷிஃப்ட், முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை என்று வாழ்க்கை ஆரம்பித்த இடம். வரி வழக்கு, கைமாறாமல் நின்றுபோன சொத்து என்று இழுத்து, கடைசியில் கேட்டில் பூட்டு விழுந்தது. சில ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனம் அதை வாங்கியது.

அதே நோக்கியா, அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, தன் சொந்த நாட்டில் இன்னொரு ஆலையையும் காலி செய்திருக்கிறது. அந்தக் கதை நம்ம ஊரில் அதிகம் பேசப்படவில்லை. ஹெல்சிங்கி நகரின் மேற்குக் கரையில், கடலை ஒட்டி நிற்கும் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் காப்பெலிதெஹ்தாஸ். தமிழில் சொன்னால் 'கேபிள் ஆலை'. இன்று அது பின்லாந்தின் மிகப்பெரிய கலை மையம். உள்ளே மூன்று அருங்காட்சியகங்கள், நடன அரங்குகள், ஓவியர்களின் ஸ்டூடியோக்கள், இசைக்குழுக்களின் ஒத்திகை அறைகள் எல்லாம் இருக்கின்றன. மொத்தப் பரப்பு 50,000 சதுர மீட்டருக்கும் மேல்.

இதைக் கேட்டதும் "வெளிநாட்டுல காசு இருக்கு, செய்றாங்க" என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்த மையத்தின் அன்றாடச் செலவை அரசு மானியம் தாங்கவில்லை, வாடகைதான் தாங்குகிறது.

கேபிளும் கடலும்

1939-ல் கட்டத் தொடங்கி, போர்க்காலத்தில் இழுத்தடித்து, 1954-ல்தான் அந்த ஆலை முழுமையடைந்தது. பின்லாந்து கேபிள் நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் டபிள்யூ.ஜி. பால்ம்க்விஸ்ட் என்ற கட்டடக் கலைஞர். கடலுக்கு அடியில் போடும் கேபிள்கள் இங்கே தயாராயின. அதற்காகக் கட்டிய நீளமான, உயரமான கூடத்துக்கு இன்றும் 'கடல் கேபிள் ஹால்' என்றுதான் பெயர். கச்சேரி நடந்தாலும் கண்காட்சி நடந்தாலும் பெயர் மாறவில்லை.

இந்தக் கேபிள் நிறுவனம்தான் 1960-ல் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பிரிவைத் தொடங்கியது. 1967-ல் காகிதம், ரப்பர், கேபிள் என மூன்று நிறுவனங்கள் ஒன்றாகி நோக்கியா கார்ப்பரேஷன் ஆனது. நம் வீட்டில் எங்கேயோ ஒரு டிராயரில் இன்னும் கிடக்கும் 1100 மாடல் போனின் பூர்வீகத்தைத் தேடிப்போனால், ஒரு கிளை இந்த ஆலையில் போய் முடியும்.

1980-களில் கேபிள் உற்பத்தி நகருக்கு வெளியே நகர்ந்தது. கட்டடம் நகராட்சியின் கைக்கு வருவதாக ஏற்பாடு. ஆனால் உற்பத்தி ஒரே நாளில் நிற்கவில்லை. ஒரு ஹால் காலியாகும், இன்னொன்றில் மெஷின் ஓடும். காலியான இடங்களைச் சும்மா பூட்டி வைப்பதற்குப் பதில் தற்காலிக வாடகைக்கு விட்டது நோக்கியா. வந்தவர்கள் ஓவியர்கள், சிற்பிகள், நடனக்காரர்கள், இசைக்காரர்கள், சின்னச் சின்னக் கட்டட வடிவமைப்பு அலுவலகங்கள். உயரமான கூரை, பெரிய ஜன்னல், எவ்வளவு சத்தம் போட்டாலும் திட்ட ஆள் இல்லை, வாடகையும் குறைவு. வேறென்ன வேண்டும்?

நகராட்சி வேறு திட்டம் வைத்திருந்தது. கட்டடத்தின் ஒரு பகுதியை இடிப்பது, மீதியைக் கூறு போட்டு பள்ளி, ஹோட்டல், அருங்காட்சியகம், பார்க்கிங் என்று பிரிப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் கேட்டாலும் இப்படி ஒரு வரைபடம் கிடைக்கும்.

குடியிருந்த கலைஞர்கள் சங்கம் அமைத்தார்கள். பெயர் 'ப்ரோ காப்பெலி'. அவர்கள் செய்த ஒரு வேலைதான் இந்தக் கதையைத் திருப்பியது. "இடிக்காதே" என்று சொன்னதோடு நிற்காமல், இடிக்காமல் எப்படி ஓட்டலாம் என்று மாற்றுத் திட்டம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குள்ளேயே கட்டட வடிவமைப்பாளர்கள் இருந்தது வசதியாகப் போயிற்று. எந்தக் கூடம் எதற்கு, எவ்வளவு பழுது பார்த்தால் போதும், செலவு எங்கிருந்து வரும் என்று நகராட்சிக்காரர்கள் பேசும் மொழியிலேயே பேசினார்கள். 1991-ல் நகர மன்றம் மனம் மாறியது. கட்டடம் முழுசாக நிற்கும் என்று முடிவானது.

காசு யார் தர்றது?

இதுதான் அடுத்த கேள்வி. பாரம்பரியக் கட்டடம் பற்றிய பேச்சில் பலரும் தொடாமல் போவதும் இதைத்தான்.

ஹெல்சிங்கி நகராட்சி இதற்கென ஒரு சொத்து நிர்வாக நிறுவனத்தை அமைத்தது. உரிமை முழுக்க நகராட்சியுடையது. ஆனால் நிர்வாகம் தனி, வரவு செலவு தனி. வாடகையை வசூலித்து, அந்தக் காசில் கூரை பார்த்து, பைப் மாற்றி, பெயின்ட் அடித்து ஓட்ட வேண்டும். வருஷா வருஷம் பட்ஜெட்டில் கை நீட்டக்கூடாது. கலைஞர்களுக்கு இது தானமும் இல்லை, கொள்ளையும் இல்லை. லாபத்தில் பங்கு கேட்டு மேலே ஒரு முதலாளி உட்காரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு முக்கியமான முடிவு, அவசரப்பட்டு அழகு பண்ணாதது. மொத்தக் கட்டடத்தையும் மூடி, கோடிகளைக் கொட்டிப் புதுப்பித்து, ரிப்பன் வெட்டித் திறக்கவில்லை. ஆள் இருக்கும்போதே, தேவைக்கேற்ப, பகுதி பகுதியாகச் சரி செய்தார்கள். கரடுமுரடான சுவர் கரடுமுரடாகவே இருந்தது. கடன் வாங்கி மார்பிள் போட்டால் அந்தக் கடனை வாடகையில்தான் ஏற்ற வேண்டும். அப்போது முதலில் காலி செய்வது ஓவியர்தான்.

மூன்றாவது விஷயம் கலப்பு. எல்லோரிடமும் ஒரே வாடகை வாங்கினால் இப்படி ஒரு இடம் ஓடாது. நம்ம ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம், எல்லாமே ஒரு ஊகத்துக்குத்தான். ஒரு பழைய ஆலை வளாகத்தை நடத்த மாதம் 10 லட்சம் ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சின்ன ஸ்டூடியோக்கள், தலா 10,000 ரூபாய் வாடகை. அதில் 4 லட்சம். பெரிய ஹாலை மாதத்தில் 8 நாள் மட்டும் கம்பெனி நிகழ்ச்சி, கண்காட்சி என்று நாளுக்கு 50,000 ரூபாய்க்கு விட்டால் இன்னொரு 4 லட்சம். கேன்டீன், இரண்டு மூன்று கடைகள், பார்க்கிங் சேர்த்து 2 லட்சம். கணக்கு முட்டிக்கொண்டது. மிச்சமிருக்கும் 22 நாளும் அந்தப் பெரிய ஹால் ஊருக்குச் சொந்தம்.

அந்த 8 நாளை 20 நாளாக்கினால் லாபம்தான். ஆனால் அப்புறம் அது கல்யாண மண்டபம். கேபிள் ஆலை மாதிரி இடங்களை நடத்துகிறவர்கள் தினமும் போராடுவது இந்த எண்ணோடுதான். வாடகையை நம்பி ஓடும் இடத்துக்குக் காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு அறையும் பயம் காட்டும்; அதிகம் தருகிற ஒவ்வொருவரும் ஆசை காட்டுவார். உரிமை நகராட்சியிடம் இருப்பதால் அந்த ஆசைக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது.

முப்பது வருஷம் தாக்குப்பிடித்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால், 2008-ல் சுவிலாஹ்தி என்ற பழைய மின்நிலைய, எரிவாயு ஆலை வளாகத்தையும் இதே நிறுவனத்திடம் ஒப்படைத்தது நகராட்சி. 2022-ல் கேபிள் ஆலையை ஒட்டியே நடனத்துக்கென்று ஒரு புதிய மாளிகை திறக்கப்பட்டது. அதற்கான முதலீட்டில் அறக்கட்டளைப் பணமும் உண்டு. திறந்தவெளியாக இருந்த ஆலை முற்றத்துக்கு இப்போது கண்ணாடிக் கூரை. ஹெல்சிங்கி குளிருக்கு அது அவசியம்தான்.

வாடகையே கட்ட முடியாதவங்க?

மாதம் 10,000 ரூபாய் கட்டக்கூடிய கலைஞர் என்பதே ஒரு தகுதிதானே? ஸ்டூடியோ தேவைப்படாத, ஆனால் சாயங்காலம் போய் உட்கார ஓர் இடம் தேவைப்படுகிற குடும்பங்கள்தான் எந்த ஊரிலும் அதிகம். அவர்களுக்கான பதில் ஹெல்சிங்கியில் கிடைக்காது. அதற்கு பிரேசில் போக வேண்டும்.

சாவ் பாலோ நகரில் பொம்பேயா என்ற தொழிலாளர் பகுதி. அங்கே 1930-களின் கடைசியில் இரும்பு டிரம் செய்ய ஓர் ஆலை கட்டப்பட்டது. பிறகு அது ஃப்ரிட்ஜ் ஆலையானது. அதுவும் மூடியபின், 1970-களின் தொடக்கத்தில் 'செஸ்க்' என்ற அமைப்பு அதை வாங்கியது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் முதல் யோசனை.

வடிவமைக்க வந்தவர் லினா போ பார்தி. 1914-ல் ரோமில் பிறந்து, 1946-ல் பிரேசிலுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். சாவ் பாலோவின் புகழ்பெற்ற கலை அருங்காட்சியகமும் அவர் வரைந்ததுதான். முதல் தடவை காலியான ஷெட்டுகளைப் பார்த்தபோது அவரைக் கவர்ந்தது அதன் கான்கிரீட் சட்டகம். இரண்டாம் தடவை ஒரு சனிக்கிழமை போனார். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாக்கள் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒழுகும் கூரைக்கடியில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஏற்கெனவே அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. இது அப்படியே தொடர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்ததாக லினா பின்னாளில் எழுதினார்.

அவர் தன் அலுவலகத்தையே கட்டுமான இடத்துக்குள் கொண்டுவந்தார். பல ஆண்டுகள், மேஸ்திரிகளோடும் இன்ஜினியர்களோடும் தினமும் பேசியபடி வேலை நடந்தது. பழைய சுவர்களின் மேல்பூச்சைச் சுரண்டி, செங்கல்லையும் கான்கிரீட்டையும் வெளியே தெரியவிட்டார். பெரிய ஷெட்டுக்குள் ஒரு மூலையில் கணப்படுப்பு, தரையில் வளைந்து ஓடும் தண்ணீர், நடுவே படிக்க இடம். மட்பாண்டம், நெசவு, அச்சு, புகைப்படம் கற்றுக்கொள்ளப் பட்டறைகள். நீளமான மேஜைகளோடு எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் உணவகம். கலாச்சாரப் பகுதி 1982-ல் திறந்தது. 1986-ல் விளையாட்டுக்கென இரண்டு கான்கிரீட் கோபுரங்கள் வந்தன. இடையில் மூடிய ஓடை ஒன்று போவதால் அதன் மேல் கட்டடம் கட்ட முடியாது. எனவே கோபுரங்களை அந்தரத்தில் பாலங்களால் இணைத்தார். ஓடைக்கு மேலே பலகை பாவிவிட்டார். கடலே இல்லாத சாவ் பாலோவில் வெயில் காய வருகிறவர்கள் அந்தப் பலகையை 'பீச்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

சும்மா உள்ளே போய் உட்கார டிக்கெட் இல்லை. பேப்பர் படிக்கும் தாத்தா, செஸ் ஆடும் பசங்க, ஹோம்வொர்க் செய்யும் குழந்தை, யாரையும் "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பதில்லை.

இதற்கும் காசு வேண்டுமே? செஸ்க் 1946-ல் உருவான அமைப்பு. வணிக, சேவைத் துறை முதலாளிகள் தங்கள் சம்பளப் பட்டியலில் 1.5 சதவீதத்தைக் கட்டாயமாக இதற்குச் செலுத்த வேண்டும். கடையில் நிற்கிறவர், பில் போடுகிறவர், டெலிவரி செய்கிறவர் ஆகியோரின் ஓய்வுக்கும் படிப்புக்கும் கலைக்கும் பொழுதுபோக்குக்குமான பணம் அது. நம்ம ஊரில் தொழிலாளர் நலநிதி என்ற பெயரில் சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் தொகையை யாரும் கவனிப்பதுகூட இல்லை. அந்தத் தொகை இப்படி ஒரு 'பீச்' ஆகவும் முடியும் என்பதற்கு உதாரணம் பொம்பேயா.

சாவி அடுத்தவர் கையில் இருந்தால்

பெய்ஜிங்கின் 798 வளாகம் இந்த இரண்டுக்கும் எதிர்ப்பக்கம். 1950-களில் கிழக்கு ஜெர்மானியர்கள் உதவியோடு கட்டிய எலக்ட்ரானிக்ஸ் ஆலை அது. கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும், வடக்கு வெளிச்சம் சீராக உள்ளே வரும், ஓவியர்களுக்கு அது வரப்பிரசாதம். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அவர்கள் மலிவு வாடகைக்குக் குவிந்தார்கள். வளைவுக் கூரையில் இருந்த மாவோ காலத்துக் கோஷங்களை அழிக்காமல் விட்டார்கள். சொத்துக்காரரான அரசு சார்ந்த நிறுவனம் இடிக்க நினைத்தது. கலைஞர்கள் விழா நடத்தி, குரல் கொடுத்து, இடிப்பைத் தடுத்தார்கள். 2006-ல் அரசே அதைப் படைப்புத் தொழில் வளாகமாக அங்கீகரித்தது.

வெற்றிதான். கட்டடம் பிழைத்தது. கூட்டம் வந்தது, பின்னாலேயே கேலரி, கஃபே, ஃபேஷன் ஷோ. வாடகை ஏறியது. ஆரம்பத்தில் வந்த ஓவியர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு நகரின் வெளிப்புறக் கிராமங்களுக்குப் போனார்கள். வாடகையை முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அவர்கள் வந்ததால் உயர்ந்த மதிப்பு, அவர்களையே வெளியே தள்ளியது. செங்கல் சுவர் தெரியும் கஃபேயில் 300 ரூபாய் காபியோடு ரீல்ஸ் எடுக்கும்போது, அந்தச் சுவருக்குப் பின்னால் முன்பு யார் இருந்தார் என்று யோசிப்பது கஷ்டம்தான்.

பெரம்பூரில் என்ன நடந்தது?

சென்னையில் இப்படி யோசிக்க ஒரு பெரிய வாய்ப்பு இருந்தது. பின்னி மில். பெரம்பூர் வட்டாரத்தில் 'பி அண்ட் சி' என்ற பெயரைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொடங்கிய இரண்டு ஆலைகள் பின்னர் ஒன்றாயின. அவர்களின் காக்கித் துணி நாடு முழுக்கப் பேர் வாங்கியது. அந்தத் தொழிலாளர்களுக்காகத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றில் இடம்பிடித்த சங்கம் அது. பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க. எல்லோரும் அதோடு நின்றவர்கள். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூடு, புளியந்தோப்பில் சாதிக் கலவரம் என்று அந்த வருஷத்தின் காயம் ஆழமானது.

1996-ல் ஆலை நின்றுபோனது. அதன்பின் பல ஆண்டுகள் அது தமிழ் சினிமாவின் செட். வில்லன் கடத்திவந்த ஆளைக் கட்டி வைப்பது, கிளைமாக்ஸ் சண்டை, மழையில் குழுநடனம் என்று பின்னி மில்லைப் பார்க்காத தமிழ் ரசிகரே கிடையாது. என்ன இடம் என்று தெரியாமலே பார்த்திருப்போம். இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன.

வீடு கட்டியதில் தப்பில்லை, வீடு எல்லோருக்கும் வேண்டும். கேள்வி, அத்தனை ஏக்கரில் ஒரே ஒரு ஷெட்டையாவது அந்த ஏரியாவுக்கு விட்டிருக்கலாமே என்பதுதான். சென்னையில் சபா என்றால் மயிலாப்பூர், தி.நகர். கண்காட்சி என்றால் தென்சென்னை கேலரிகள். வியாசர்பாடியில் கானா பாடும் பையனும் புளியந்தோப்பில் பறை கற்றுக்கொள்ளும் பெண்ணும் ஒத்திகை பார்ப்பது மொட்டை மாடியில், தெருமுனையில், ஹவுசிங் போர்டு படிக்கட்டில். சத்தம் என்று பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்தால் அன்றைக்கு ஒத்திகை முடிந்தது. அவர்களுக்குத் தேவை சத்தம் வெளியே போகாத நான்கு சுவர், ஒரு பிளக் பாயின்ட், ராத்திரி ஒன்பது மணிக்கும் திறந்திருக்கும் கழிப்பறை. ஓர் ஆலை ஷெட்டுக்கு இவையெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

அந்தப் பட்டியலில் பாதுகாப்பையும் சேர்க்க வேண்டும். 2016 டிசம்பர் 2-ம் தேதி, அமெரிக்காவின் ஓக்லண்டில் கலைஞர்கள் தங்கி வேலை பார்த்த 'கோஸ்ட் ஷிப்' என்ற பழைய கிடங்கில் ஓர் இசை நிகழ்ச்சியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். ஸ்பிரிங்ளர் இல்லை, அலாரம் இல்லை, மாடியிலிருந்து இறங்கும் வழி மரப்பலகைகளால் ஒப்பேற்றியது. அந்த ஊரில் வாடகை எகிறியதால்தான் அப்படி ஓர் இடத்தில் கலைஞர்கள் ஒண்டியிருந்தார்கள். அனுமதியே இல்லாத மலிவு இடம், அனுமதி உள்ள எட்டாத இடம் என்று இரண்டே வாய்ப்பு மிஞ்சும்போது இப்படித்தான் ஆகும். ஆலைகளில் கூடுதலாக ஆஸ்பெஸ்டாஸ் கூரையும், தரையில் ஊறிய எண்ணெயும் சாயமும் இருக்கும். மண் பரிசோதனை, கட்டட உறுதிச் சோதனை, தீயணைப்புத் துறையின் அனுமதி ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவைப் பொதுப்பணம்தான் ஏற்க வேண்டும். ஒரு பறை ஆசிரியரால் அது முடியாது.

இன்னும் பூட்டு திறக்காத ஓர் இடம்

பின்னி மில் கை நழுவிப்போனதற்குக் காரணம் எளிது. நிலம் தனியாருடையது, சந்தை விலை கூப்பிட்டது. ஆனால் புதுச்சேரி கதை வேறு.

கடலூர் சாலையில், முதலியார்பேட்டை பக்கம் போனால் ஏஎஃப்டி மில் சுவர் நீண்டுகொண்டே போகும். ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். 1898-ல் தொடங்கியது, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது, 2020-ல் மூடப்பட்டது. புதுச்சேரியின் ஆலைகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். அதன் பின்தான் பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது.

ஏஎஃப்டி விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆலை அரசு நிறுவனத்துடையது. ஹெல்சிங்கி நகராட்சிக்கு இருந்த அதே பிடி புதுச்சேரி அரசுக்கும் இருக்கிறது. பெய்ஜிங் ஓவியர்களுக்கு இல்லாதது, பெரம்பூர்வாசிகளுக்குக் கிடைக்காதது, இங்கே கையிலேயே இருக்கிறது. நிலத்தை விற்காமல், ஒரு பகுதியை மட்டுமாவது தனி நிர்வாகத்தின்கீழ் வைத்து, வாடகையை எழுத்தில் கட்டுப்படுத்தி, நிர்வாகக் குழுவில் பயன்படுத்துகிறவர்களுக்கு நாற்காலி கொடுத்தால் கலைஞர்களை வெளியே தள்ளும் பெய்ஜிங் விபத்தைத் தவிர்க்கலாம்.

ஆனால் சுற்றுலா ஊருக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. கலை மையம் என்றாலே வார இறுதியில் வருகிறவர்களுக்கான ஃபோட்டோ ஸ்பாட் என்று வரைபடம் போட்டுவிடுவார்கள். வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சுவர் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. ஆலை இருப்பது உள்ளூர்க்காரர்கள் வாழும் பகுதியில். லினா செய்த மாதிரி, கன்சல்டன்ட்டைக் கூப்பிடும் முன் ஒரு சனிக்கிழமை கேட்டைத் திறந்து வைத்து, யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே பாதி வரைபடம் கிடைத்துவிடும். கிரிக்கெட் மட்டையோடு வரும் பசங்க, கூத்துக்கு வேஷம் கட்ட இடம் தேடுகிறவர்கள், நாடகக் குழு, வீட்டில் படிக்க மூலை கிடைக்காத கல்லூரி மாணவி.

மில்லில் கடைசி ஷிஃப்ட் வரை நின்றவர்களும் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறார்கள். எந்த ஷெட்டில் எந்தத் தறி ஓடியது, எந்தக் கூரை மழைக்கு ஒழுகும், எந்தத் தூண் பக்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காற்று வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க டெண்டர் விட வேண்டியதில்லை.